ரொட்டிச் சங்கம் கண்ட சிற்றூர்



‘கூட்டுறவு நாணயச் சங்கம்’ என்னும் பெயர் நம் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. சம்பள நாளன்று சந்தா செலுத்தியவர்களும், மகள் திருமணத்திற்கோ மகன் படிப்பிற்கோ சங்கத்தில் கடன் பெற்றவர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். ஆயினும், “இந்த ஏற்பாட்டை முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர் யார்? எந்த ஊரில், எந்தத் தேவையை முன்னிட்டு இது பிறந்தது?” என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அவ்விடையைத் தேடி இம்மாதம் நாம் ஜெர்மனி நாட்டின் ஒரு சிற்றூருக்குச் செல்வோம். அவ்வூரின் பெயர் வையர்புஷ்.

ஊரின் இருப்பிடம்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ரைன் என்னும் பேராறு வடக்கு நோக்கிப் பாய்கிறது. அதன் கிழக்குக் கரைக்கு அப்பால் உயர்ந்தும் தாழ்ந்தும் பரந்து கிடக்கும் மேட்டு நிலத்திற்கு வெஸ்டர்வால்ட் என்று பெயர். ‘மேற்குக் காடு’ என்பது அதன் பொருள். கொலோன் நகரிலிருந்து தென்கிழக்குத் திசையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், அம்மேட்டு நிலத்தில் அமைந்திருக்கிறது வையர்புஷ். கொலோனையும் பிராங்க்பர்ட்டையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலை இவ்வூரின் நடுவே செல்கிறது. இன்று இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 1,500 பேர். நம் நாட்டின் பெரிய தோட்டம் ஒன்றில் ஒரு காலத்தில் வாழ்ந்த மக்கள் தொகை அவ்வளவுதான்.

வெஸ்டர்வால்ட் பகுதி குளிர்காற்றுக்குப் பெயர் பெற்றது. மண் அங்கு வளமானதன்று; கோடை குறுகியது. கோதுமைக்கு இனமான ரை என்னும் தானியம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவையே அந்நாளைய பயிர்கள். மரச் சட்டங்களை நிறுத்தி, இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்துக் கட்டிய வீடுகளில் உழவர்கள் வாழ்ந்தனர். தந்தைக்குப் பின் நிலத்தைப் பிள்ளைகள் அனைவரும் பங்கிட்டுக்கொள்வது அப்பகுதியின் வழக்கம். இதனால் தலைமுறைதோறும் நிலம் துண்டு துண்டாகக் குறுகி, ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பவும் போதாததாயிற்று. பிழைப்பு நாடி அமெரிக்காவிற்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள் ஏராளம். பிழைப்பிற்காகக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அத்துயரம் எளிதில் விளங்கும்.

ஊர்ப்பொது அடுமனை

அந்நாளில் வெஸ்டர்வால்ட் சிற்றூர்களில் ரொட்டி சுடுவதற்கென்று பொதுவான ஓர் அடுமனை இருந்தது. கல்லால் கட்டப்பட்ட சிறு கட்டடம். உள்ளே குகை போன்ற பெரிய அடுப்பு. வீட்டுக்கு வீடு அடுப்பு கட்டினால் விறகும் வீண்; வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள் தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஆகவே, ஊரார் முறை வைத்துப் பொது அடுப்பைப் பயன்படுத்தினர்.

அம்முறையை நிர்ணயித்த விதம் சுவையானது. முதலில் சுடுபவர் ஆறிக் குளிர்ந்த அடுப்பைச் சூடேற்ற வேண்டும். அவருக்கு விறகு அதிகம் செலவாகும். பின்னால் வருபவருக்கோ அடுப்பு ஏற்கெனவே சூடாக இருக்கும். குறைந்த விறகு போதும். எனவே எல்லாரும் பின்னால் வரவே விரும்புவர் அன்றோ? சண்டை சச்சரவு எழாதிருக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசையை முடிவு செய்தனர். சுள்ளிக் கட்டுகளை அடுப்பினுள்ளேயே எரித்து, சாம்பலை வாரியெடுத்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, நீண்ட மரத்துடுப்பினால் ரொட்டிகளை உள்ளே தள்ளுவர். மாவைப் புளிக்க வைக்க, முந்தைய மாவில் ஒரு கவளத்தைப் பத்திரப்படுத்தி வைப்பர். தோசை மாவில் பழைய மாவு சிறிது சேர்க்கும் நம் தாய்மாருக்கு இதன் நுட்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்த எளிய அடுமனையே நாம் கூறவந்த வரலாற்றின் அரங்கம்.

பஞ்சம் வந்தது

1815ஆம் ஆண்டில் நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வானில் பரவிக் கதிரவனின் ஒளியை மறைத்தமையால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக் காலமே வரவில்லை எனலாம். பயிர்கள் அழிந்தன, மக்கள் பசியால் வாடினர். அந்த நினைவு ஆறுவதற்குள், 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கைக் கருகச் செய்யும் நோய் ஐரோப்பா எங்கும் பரவியது. செடி கருகியது, தோண்டியெடுத்த கிழங்கு அழுகியது. 1846ஆம் ஆண்டில் தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வெஸ்டர்வால்ட் மக்களின் வீடுகளில் பசி குடிபுகுந்தது.

அப்பொழுது வையர்புஷ் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அடங்கிய வட்டாரத்திற்கு நிர்வாகத் தலைவராக இருந்தவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்னும் இளைஞர். 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹாம் என்னும் ஊரில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் ஏழாமவர். உயர்கல்வி கற்க வசதியின்றிப் பதினேழாம் வயதில் படையில் சேர்ந்தார். கண்நோய் காரணமாகப் படையை விட்டு விலகி, அரசாங்க நிர்வாகத்திற்கு வந்தார். 1845ஆம் ஆண்டில் வையர்புஷ் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 26.

பணம் கொடுத்தால்தான் மாவா?

அந்நாளில் அப்பகுதி பிரஷ்ய அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பஞ்சத்தைத் தணிக்க அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: ரொக்கப் பணம் கொடுப்பவர்களுக்கே மாவை விற்க வேண்டும்.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். கையில் ரொக்கம் வைத்திருப்பவன் எப்படியாவது தன் வயிற்றை நிரப்பிக்கொள்வான். பசியால் வாடுபவனிடம் ரொக்கம் ஏது? மேலிடத்து ஆணை ஒரு புறம். கதவருகே நிற்கும் பசித்த குழந்தைகள் மறு புறம். இளம் அதிகாரியாகிய ரைஃபைசன் என்ன செய்வார்? ஆணையை மீறினால் பதவிக்கே ஆபத்து நேரலாம்.

அவர் மீறத் துணிந்தார். எனினும் மனம்போன போக்கில் மாவை வாரி வழங்கிவிடவில்லை. ஊரின் ஏழைகளைக் கவனிக்கும் குழுவைக் கூட்டினார். மாவைக் கடனாகக் கொடுக்க வழி கண்டார். வசதியுள்ளவர்களை அணுகி, ஒரு பொது நிதியில் பணம் இடுமாறு வேண்டினார். அந்நிதியைக் கொண்டு மேலும் தானியம் வாங்கப்பட்டது. ரொட்டிக்காரரிடம் மாவைக் கொடுத்து மீண்டும் அவர் கேட்கும் விலைக்கு ரொட்டி வாங்குவதைக் காட்டிலும், தாமே சுட்டுக்கொள்வது மலிவு என்று கண்டு, வையர்புஷ் ஊரில் ஓர் அடுமனையைக் கட்டினர். ரொட்டி ஏறத்தாழப் பாதி விலைக்குக் கிடைத்தது. பணம் உள்ளவர் பணம் கொடுத்தார். இல்லாதவர் கடன் சீட்டில் கையெழுத்திட்டு ரொட்டி பெற்றார். இவ்வேற்பாட்டிற்கு ‘ரொட்டிச் சங்கம்’ என்று பெயர் வழங்கிற்று.

அடுத்த பருவத்தில் நடுவதற்கு விதைக்கிழங்கு வேண்டுமே! பசித்தவன் விதைக்கிழங்கையும் தின்றுவிட்டால் மறு ஆண்டும் பஞ்சம்தான். சங்கம் விதைக்கிழங்கும் வாங்கிக் கடனாகக் கொடுத்தது. 1847ஆம் ஆண்டின் விளைச்சல் நன்றாக இருந்தது. ஏழைகள் தாம் பெற்ற கடனைத் திருப்பிக் கட்டினர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏழையிடம் பணம் இல்லாதிருக்கலாம். ஆனால் நாணயம் உண்டு. நம் தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும்; நேர்மையையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒன்றாகக் கலந்த இடமே வையர்புஷ் அடுமனை.

மாடு யாருக்குச் சொந்தம்?

1848ஆம் ஆண்டில் ரைஃபைசன் அருகிலுள்ள ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் கண்ட துன்பம் வேறு வகையானது. சிறு உழவனுக்கு மாடு இன்றியமையாதது: பாலுக்கும் மாடு, எருவிற்கும் மாடு, ஏருக்கும் மாடு. வாங்கப் பணமில்லாதவன் மாட்டு வியாபாரியிடம் கடனுக்கோ வாடகைக்கோ மாடு பிடித்தான். தீனி போட்டு வளர்ப்பவன் உழவன். ஆதாயத்தின் பெரும்பங்கு வியாபாரிக்கு. தவணை தவறினால் மாடு போகும். மாட்டைத் தொடர்ந்து நிலமும் போகும்.

1849ஆம் ஆண்டில் ரைஃபைசன் அவ்வூரில் ஓர் உதவிச் சங்கத்தை அமைத்தார். வசதி படைத்த சுமார் அறுபது பேர் ஒன்றுகூடித் தம் சொத்து முழுவதையும் பிணையாக வைத்துக் கடன் எழுப்பினர். அப்பணத்தில் மாடுகளை வாங்கி, ஐந்தாண்டுத் தவணையில் ஏழை உழவர்களுக்குக் கொடுத்தனர். மாடு உழவனுக்கே சொந்தமாயிற்று. பின்னர்ச் சங்கம் ரொக்கக் கடனும் வழங்கலாயிற்று.

தருமத்திலிருந்து தன்னுதவிக்கு

1852ஆம் ஆண்டில் ரைஃபைசன் ரைன் ஆற்றின் அருகே உள்ள ஹெடெஸ்டார்ஃப் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கு 1854ஆம் ஆண்டில் தோற்றுவித்த சங்கம் கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பேணுதல், சிறையிலிருந்து விடுதலையானோருக்கு வேலை தேடித்தருதல், மாடு வாங்கித் தருதல், கடன் கொடுத்தல் எனப் பல பணிகளை மேற்கொண்டது.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஓர் உண்மை புலனாயிற்று. இச்சங்கங்களின் உறுப்பினர்கள் எல்லாரும் செல்வர்கள். உதவி பெற்றோர் எல்லாரும் ஏழைகள். கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறு பக்கம். பஞ்சம் நீங்கியதும் செல்வர்களின் ஆர்வமும் குன்றியது; ஒருவர் பின் ஒருவராக விலகினர். தருமம் என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. மனம் மாறினால் தருமமும் நின்றுபோகும் என்பதை ரைஃபைசன் அனுபவத்தில் உணர்ந்தார்.

இவ்வுணர்வின் பயனாக 1864ஆம் ஆண்டில் ஹெடெஸ்டார்ஃப் கடன் சங்கம் உருவாயிற்று. அதன் அடிப்படை முற்றிலும் புதியது. கடன் வேண்டுபவனே சங்கத்தின் உறுப்பினனாக வேண்டும். அவனே சேமிக்க வேண்டும். அவனே பிறருக்குப் பிணை நிற்க வேண்டும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதில் அவனுக்கும் குரல் உண்டு. தருமம் பெற்றவன் இப்பொழுது சங்கத்தின் உடைமையாளன் ஆனான். ஆகவே, வையர்புஷ் ரொட்டிச் சங்கத்தை முழுமையான கூட்டுறவுச் சங்கம் என்று கூறுவது பொருந்தாது. அது விதை, பதினேழு ஆண்டுகள் கழித்தே அது மரமாயிற்று.

அச்சங்கங்களின் நெறிகள் பின்வருமாறு:

1. சங்கத்தின் எல்லை ஓர் ஊர் அல்லது ஒரு திருச்சபை வட்டாரம் அளவே இருக்க வேண்டும். ஒருவரையொருவர் அறிந்தவர்களே உறுப்பினர்.

2. உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

3. பயனுள்ள காரியத்திற்கே கடன். பெற்ற காரியத்திற்கே அது செலவாக வேண்டும்.

4. நிர்வாகிகள் ஊதியமின்றித் தொண்டாற்ற வேண்டும். கணக்கு எழுதுபவருக்கு மட்டும் ஊதியம் உண்டு.

5. ஆதாயத்தைப் பங்கிட்டு உண்ணாமல், பிரிக்க முடியாத பொது நிதியாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

முதல் இரு நெறிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. நாற்பது பேர் சேர்ந்த சங்கத்தில் ஒருவன் கடனைக் கட்டத் தவறினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அதைச் சுமக்க வேண்டும். ஆகவே, “இவன் எதற்காகக் கடன் கேட்கிறான்? மாடு வாங்கவா, மதுக்கடைக்குக் கொடுக்கவா?” என்று ஊரே கவனிக்கும். அறிமுகமில்லாத மக்கள் நிறைந்த பெருநகரத்தில் இது இயலாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் இயலும். சிற்றூரின் சிறுமையே அதன் வலிமையாயிற்று. இன்றைய சட்டங்களில் உறுப்பினரின் பொறுப்பு பெரும்பாலும் அவரவர் பங்குத் தொகையோடு வரையறுக்கப்பட்டுள்ளது. எனினும், அண்டை வீட்டார் அறியக் கடன் வாங்குவதில் உள்ள ஒழுங்கு இன்றும் மாறவில்லை.

1865ஆம் ஆண்டில் பார்வைக் குறைவினாலும் உடல்நலக் குறைவினாலும் ரைஃபைசன் பணி ஓய்வு பெற்றார். மனைவியை அதற்கு ஈராண்டுகளுக்கு முன் இழந்திருந்தார். கிடைத்த ஓய்வூதியம் போதாமையால் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். பின்னர்த் திராட்சை மது வணிகமும் செய்தார். மூத்த மகள் அமாலியா தந்தையின் கண்ணாகவும் கையாகவும் இருந்து, கடிதங்களைப் படித்துக் காட்டியும் அவர் சொல்லச் சொல்ல எழுதியும் உதவினார். 1866ஆம் ஆண்டில் கடன் சங்கங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1888ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவ்வழியில் இயங்கிய சங்கங்கள் நானூறுக்கும் மேற்பட்டிருந்தன.

மறைக்கலாகாத ஒரு குறை

பெரியோரின் வரலாற்றைக் கூறும்போது குறையையும் கூறுவதே முறை. அந்நாளில் வெஸ்டர்வால்ட் பகுதியின் மாட்டு வியாபாரிகளுள் யூதர் பலர் இருந்தனர். வட்டிக் கொடுமையை ஒரு தொழிலின் குற்றமாகக் காணாமல், ஓர் இனத்தின் குற்றமாகப் பேசும் தீய வழக்கம் அங்கே பரவியிருந்தது. ரைஃபைசனும் அதிலிருந்து விலகி நிற்கவில்லை என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அத்தகைய வெறுப்பு வளர்ந்து, 1933ஆம் ஆண்டிற்குப் பின் நாஜிகளின் ஆட்சியில் எத்தகைய கொடுமையில் முடிந்தது என்பதை உலகம் அறியும். ஜெர்மனியின் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதக் குடும்பங்கள் வேரோடு அழிக்கப்பட்டன. பல இனத்தார் கூடி வாழும் நம் நாட்டில் இப்பாடமும் மனத்தில் கொள்ளத்தக்கது. கொடுவட்டியை எதிர்க்கலாம், அதற்காக ஓர் இனத்தைப் பழித்தல் ஆகாது.

சிற்றூரிலிருந்து நம் நாட்டிற்கு

ரைஃபைசனின் நெறி நம் முன்னோர் பிறந்த மண்ணிற்கு வந்த வழியும் அறியத்தக்கது. சென்னை மாகாணத்து உழவர்களின் கடன் சுமையைத் தீர்க்க வழிகாணுமாறு பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை அரசாங்கம் பணித்தது. அவர் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் அறிக்கைகள் அளித்தார். ஊர்தோறும் ஒரு ரைஃபைசனைக் கண்டெடுப்பதே வழி என்பது அவர் முடிவின் சாரம். 1904ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூர் என்னும் சிற்றூரில் சங்கம் தோன்றியது.

மலாயாவில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1922ஆம் ஆண்டில் வந்தது. அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் அவ்வாண்டில் முதலாவதாகப் பதிவு பெற்றது. பின்னர்த் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. வெளிநாட்டு உடைமையாளர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி எனத் தொழிலாளர்கள் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. பால்வெட்டுக் கத்தி பிடித்த கை, தோட்டத்தின் பங்குச் சான்றிதழையும் பிடித்தது.

இன்றைய வையர்புஷ்

இன்று வையர்புஷ் ஊரில் பசி இல்லை. பலர் வாகனங்களில் அண்டை நகரங்களுக்குச் சென்று பணிபுரிகின்றனர். பழைய ரொட்டிச் சங்கத்தின் நினைவாக ஓர் அடுமனை அங்கே போற்றப்படுகிறது. ரைஃபைசன் பிறந்த ஹாம் ஊரிலும், அவர் வாழ்ந்த ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் இல்லத்திலும் அருங்காட்சியகங்கள் உள்ளன. உழவரின் விளைபொருள் சந்தையை அடைவதற்காக அவர் பெருமுயற்சியுடன் அமைத்த சாலை, ‘ரைஃபைசன் சாலை’ என அவர் பெயரால் வழங்குகிறது.

அம்மாநிலத்துச் சிற்றூர்களில் ஊர்த்தலைவர் பதவி முழுநேர ஊதியப் பதவியன்று. மக்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தொண்டுப் பதவியாகும். தீயணைப்புப் படையிலும் ஊராரே தொண்டர்களாகச் சேர்ந்து பயிற்சி பெறுகின்றனர். பாட்டுக்கு ஒரு சங்கம், விளையாட்டுக்கு ஒரு சங்கம் என ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. 2016ஆம் ஆண்டில், கூட்டுறவு என்னும் எண்ணத்தையும் நடைமுறையையும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலுக்கு அதனைப் பரிந்துரைத்த நாடு ஜெர்மனி.

முடிவுரை

வையர்புஷ் மக்கள் நம்மினும் செல்வர்களாக இருந்ததில்லை, கற்றவர்களாகவும் இருந்ததில்லை. பசி வந்தபோது அவர்களிடம் இருந்தவை ஓர் அடுப்பு, கொஞ்சம் மாவு, ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை ஆகியவையே. நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு, “நிர்வாகம் சரியில்லை” என்று குறை கூறுவது எளிது. கூட்டத்திற்குச் சென்று, கணக்கைக் கேட்டு, ஐயத்தை எழுப்பி, வாக்களித்துத் திரும்புவதே உடைமையாளனின் கடமை. உறுப்பினர் கண்விழித்திருக்கும் சங்கத்தில் பணம் காணாமற்போவது அரிது.

சிந்திக்கச் சில வினாக்கள்

(முதியோர் வகுப்பிலும் வாசிப்புக் குழுவிலும் கலந்துரையாட)

1. ரொக்கத்திற்கு மட்டுமே மாவை விற்க வேண்டும் என்ற ஆணையில் இருந்த குறை யாது?

2. அடுமனையில் முறை வைக்கச் சீட்டுக் குலுக்கியது ஏன்? நம் தோட்டத்தில் எந்தக் காரியத்திற்கு இம்முறை பொருந்தும்?

3. வையர்புஷ் ரொட்டிச் சங்கத்திற்கும் ஹெடெஸ்டார்ஃப் கடன் சங்கத்திற்கும் உள்ள முக்கிய வேறுபாடு என்ன?

4. நம் சங்கத்தில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்குக் கடன் வழங்கப்பட்டது? பொது நிதியில் எவ்வளவு உள்ளது? விடை தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்டு அறிவார்களாக.